மேனேஜர் மனசுல இருக்கறத எவ்ளோ நாளைக்குத்தான் யூகிச்சுக்கிட்டே இருக்கறது

வேலை அதிகமா இருக்கு, தாங்க முடியலன்னு யாராவது வாய் திறந்து சொன்னா போதும், உடனே "டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கோ", "காலைல சீக்கிரம் எந்திரி", "தியானம் பண்ணு"ன்னு அட்வைஸ் பண்ண ஒரு கூட்டம் ரெடியா இருக்கு. அவங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோபம் இருக்கு. மூணு பேர் பாக்க வேண்டிய வேலைய ஒருத்தர் தலைல கட்டிட்டு, அந்த ஒருத்தர் மூச்சுப் பயிற்சி பண்ணா சரியாயிடும்னு சொல்றது எந்த ஊரு நியாயம்?

பெரும்பாலும் இது எப்படி ஆரம்பிக்குதுன்னா, டீம்ல ஒருத்தர் ரிசைன் பண்ணிட்டுப் போவாங்க. அவங்க வேலைய "கொஞ்ச நாளைக்கு மட்டும் நீ பாத்துக்கோ, ஆள் எடுத்துடறோம்"னு நம்மகிட்ட குடுப்பாங்க. நாமளும் சரி, டீம்தானே, நம்ம ஆளுங்கதானேன்னு எடுத்துப்போம். ஆள் வராது. அந்தக் கொஞ்ச நாள் மாசமாகும், மாசம் அப்ரைசல், அதான் வேலைய மதிப்பிடற நேரம், அது வரைக்கும் போகும், அப்ரைசல்ல பாத்தா அந்த ரெண்டாவது ஆளோட வேலை நம்ம கணக்குல வந்திருக்கவே வந்திருக்காது, ஆனா அதுல விழுந்த ஒரு தப்பு மட்டும் கரெக்டா வந்திருக்கும். நல்லா வேலை பாக்கறவங்களுக்குத்தான் இது அதிகமா நடக்குது, அதுதான் எனக்கு வலிக்குது. வேலை செய்யாதவன்கிட்ட யாரும் எதையும் குடுக்கறதில்ல.

இதுல நான் முக்கியமா சொல்ல வர்றது ஒண்ணுதான். நம்மள உண்மையிலயே அரிச்சு எடுக்கறது வேலையோட அளவு மட்டும் இல்ல. என்ன எதிர்பாக்கறாங்கன்னு வாய்விட்டு சொல்லாம விட்டுடறாங்க பாருங்க, அதை நாம ராத்திரி பகலா யூகிச்சுக்கிட்டே இருக்கோம், அந்த யூகம்தான் ஆள சாப்பிடுது. அதனால அந்த எதிர்பார்ப்ப வெளிய இழுத்து, ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியற மாதிரி எழுத்துல வைக்கணும்.

இத நானா சொல்லல, இதுக்குப் பின்னாடி நிறைய ஆராய்ச்சி இருக்கு. 1979ல ராபர்ட் கராசெக்னு ஒருத்தர் ஒரு மாடல் சொன்னார். வேலைல அழுத்தம் எவ்ளோ இருக்குங்கறத மட்டும் பாத்தா பத்தாது, அந்த வேலைய எப்படி, எப்போ, எந்த வரிசைல செய்யறதுன்னு முடிவு பண்ற உரிமை நம்ம கைல எவ்ளோ இருக்குன்னும் பாக்கணும்னார். அழுத்தம் அதிகம், கூடவே உரிமையும் அதிகம்னா மனுஷன் வளர்றான். அழுத்தம் அதிகம், உரிமை ஒண்ணும் இல்லன்னா உடைஞ்சு போறான். அப்புறம் 1996ல யோஹானஸ் சீக்ரிஸ்ட்னு ஜெர்மனில இருந்த ஒரு பேராசிரியர் இன்னொரு கணக்கு சொன்னார். நாம போடற உழைப்புக்கும் திரும்பி வர்றதுக்கும் நடுவுல பள்ளம் பெருசாக ஆக உடம்பு கெடுதுங்கறது அவர் கணக்கு. திரும்பி வர்றதுன்னா சம்பளம் மட்டும் இல்ல, மரியாதை, வேலை நிலைக்குங்கற நம்பிக்கை, மேல போக வழி, இதெல்லாமும் சேத்திதான். இத படிச்சப்பதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. ஒரே அளவு வேலைய ஒரு மேனேஜர்கிட்ட சந்தோஷமா பாத்திருக்கோம், இன்னொருத்தர்கிட்ட அதே வேலை நரகமா இருந்திருக்கு, அது ஏன்னு.

நான் ஒரு இடத்துல கணக்கு ரிப்போர்ட் பாக்கற வேலைல இருந்தேன். அங்க என் மேனேஜருக்கு எல்லாமே அர்ஜென்ட். ராத்திரி பத்தே முக்காலுக்கு "ஒரு சின்ன டவுட்"னு மெசேஜ் வரும். அந்த சின்ன டவுட்டுக்கு பதில் சொல்லணும்னா லேப்டாப்ப திறக்கணும், போன மாச ஃபைல எடுக்கணும், ரெண்டு ஷீட்ட ஒப்பிட்டுப் பாக்கணும். காலைல ஆபீஸ் போனா அவர் அதை மறந்தே போயிருப்பார், புதுசா ஒண்ணு கேப்பார். மனுஷன் கெட்டவர்னு நான் சொல்லமாட்டேன், அவருக்கு மேல இருந்து வர்ற அழுத்தத்த அப்படியே கீழ இறக்கி விட்டுக்கிட்டு இருந்தார்.

அங்க எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, சீனியர். அவங்க சொல்லிக் குடுத்ததுதான் இது. ஒரே ஒரு பக்கத்துல, கைல இருக்கற வேலை எல்லாத்தையும் வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ நேரம் ஆகும், யார் கேட்டாங்க, எப்போ வேணும்னு போட்டு வச்சுக்கணும். புதுசா ஒண்ணு வந்தா முடியாதுன்னு சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்த எடுத்துக்கிட்டு நேரா மேனேஜர்கிட்ட போய் நிக்கணும். ஒருநாள் மதியம் அப்படித்தான் போய் நின்னேன்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இது வேணும்"னார்.

"சரிங்க சார், பண்ணிடறேன். இப்ப என் கைல மாசக் கடைசி ரிப்போர்ட் இருக்கு, அந்த பழைய பில் எல்லாம் சரிபாக்கற வேலை இருக்கு. ரெண்டுமே இன்னிக்குன்னு சொல்லிருக்கீங்க. இது உள்ள வந்தா அதுல எத நாளைக்குத் தள்ளலாம் சார்?"

"எல்லாமே வேணும்பா."

"எல்லாமே தர்றேன் சார். எது முதல்லன்னு மட்டும் சொல்லிடுங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பேப்பரயே பாத்தார். நேரம் போட்டிருந்த கட்டத்த விரலால கூட்டிப் பாத்தார், கூட்டினா பதினோரு மணி நேரம் வந்துது, அப்போ மணி ரெண்டரை. "பில் வேலை திங்கக்கிழமை போதும்"னார். அவ்ளோதான். என் சீட்டுக்கு வந்து உடனே ஒரு மெயில் போட்டேன், "நீங்க சொன்னபடி இன்னிக்கு இந்த ரெண்டும் முடிச்சுத் தர்றேன், பில் சரிபாக்கறது திங்கக்கிழமை"ன்னு ரெண்டே வரி. சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே வந்து "பில் என்னாச்சு?"ன்னு கேட்டார், மதியம் பேசினது சுத்தமா மறந்து போச்சு. மெயில காட்டினேன். "ஆமால்ல, சரி சரி"ன்னுட்டு போயிட்டார். அந்த மெயில் மட்டும் இல்லைன்னா அன்னிக்கு நான் பொறுப்பில்லாத ஆளாயிருப்பேன்.

இதுல கவனிக்க வேண்டியது, நான் "எனக்கு நேரம் இல்ல"ன்னு சொல்லவே இல்ல. வேலைய பத்தித்தான் பேசினேன். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்னு அப்புறமா ஒரு ஆய்வு படிச்சப்ப எனக்கு உறுதியாச்சு. எரின் ரீட்னு ஒரு ஆய்வாளர், மத்த கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ற ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனிய உள்ள போய் பாத்து 2015ல எழுதினாங்க. அங்க சில பேர் சத்தமே இல்லாம, தூரப் பயணம் தேவைப்படாத கிளையன்ட்டா பாத்து எடுத்துக்கிட்டு, வேலை நேரத்த குறைச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கும், உயிரக் குடுத்து வேலை பாத்தவங்களுக்கும் மேல இருந்தவங்களால வித்தியாசமே கண்டுபிடிக்க முடியல, ரேட்டிங் நல்லாவே வந்துது. ஆனா "எனக்கு நேரத்த குறைச்சுக் குடுங்க"ன்னு வெளிப்படையா கேட்டவங்களுக்கு அடி விழுந்துது. இது நியாயமே இல்ல, எனக்கு இத எழுதவே கஷ்டமா இருக்கு, நேர்மையா கேட்டவனுக்குத்தான் தண்டனையான்னு. ஆனா நிலவரம் அப்படி இருக்கறப்போ, நாம வாயத் திறக்கற விதத்த யோசிச்சுத்தான் ஆகணும். இத்தனை மணி நேரம்தான் இருப்பேன்னு ஆரம்பிச்சா அது நம்ம விசுவாசத்த பத்தின பேச்சா மாறிடுது. எந்த வேலை முதல்ல, எது அப்புறம்னு ஆரம்பிச்சா அது வேலைய பத்தின பேச்சாவே இருக்கும்.

ராத்திரி மெசேஜுக்கும் இதேதான். 2021ல லாரா ஜியுர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வுல, ஆபீஸ் நேரம் முடிஞ்சு அவசரம் இல்லாத மெயில் அனுப்பினவங்க நிஜமா எதிர்பாக்கறத விட ரொம்ப சீக்கிரமா அவங்களுக்கு பதில் வேணும்னு வாங்கினவங்க நினைச்சுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அனுப்பினவர் மனசுல "ஞாபகம் இருக்கறப்பவே போட்டுடுவோம், நாளைக்குப் பாக்கட்டும்"னு இருக்கு, வாங்கினவர் சாப்பாட்டு தட்டுல இருந்து எந்திரிச்சுப் போறார். இதுக்கு மருந்து ஒரு கேள்விதான்: "சார், ராத்திரி வர்றத காலைல பாத்தா போதுமா, அவசரம்னா கால் பண்ணிடறீங்களா?" நான் கேட்டேன். "அய்யோ, காலைல பாத்தா போதும்"னார் அதே மனுஷன். எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும்! எல்லா மேனேஜரும் அப்படி சொல்லமாட்டாங்க, தெரியும். "உடனே பாக்கணும்"னு சொல்ற ஆளும் உண்டு. சொன்னா அதுவும் நல்லதுதான், குறைஞ்சபட்சம் எந்த மாதிரி இடத்துல இருக்கோம்னு தெரிஞ்சு போச்சு.

நீங்களே நாலு பேருக்கு மேல இருக்கற ஆளா இருந்தா, தயவுசெஞ்சு அந்த "காலைல பாத்தா போதும்"ங்கற ஒரு வரிய நீங்களே முதல்ல சொல்லிடுங்க. இல்ல, ராத்திரி எழுதி காலைல போற மாதிரி டைம் வச்சு அனுப்புங்க. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை, கீழ இருக்கறவங்களுக்கு அது ஒரு முழு ராத்திரி.

சரி, நேரத்துக்கு வர்றேன். அதிக நேரம் உக்காந்தா அதிக வேலை நடக்கும்னு நினைக்கற முதலாளிங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டன்ல வெடிமருந்து ஃபேக்டரி தொழிலாளிங்க எவ்ளோ நேரம் வேலை பாத்தாங்க, எவ்ளோ பொருள் செஞ்சாங்கன்னு கணக்கெடுத்து வச்சிருந்தாங்க. அந்தக் கணக்க ஜான் பென்கவெல்ங்கற பொருளாதார பேராசிரியர் 2014ல மறுபடி எடுத்து ஆராய்ஞ்சார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரைக்கும் நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவு கூடுது. அதுக்கு மேல போனா கூடற வேகம் குறைஞ்சுக்கிட்டே வருது. வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பாத்தவங்க செஞ்சதுக்கும் 56 மணி நேரம் பாத்தவங்க செஞ்சதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. யோசிச்சுப் பாருங்க, 14 மணி நேரம், ஒரு மனுஷனோட வாழ்க்கைல இருந்து வாராவாரம் எடுத்து, ஒண்ணுத்துக்கும் உதவாம போயிருக்கு. அதுவும் குண்டு பத்தலன்னு நாடே தவிச்ச சமயத்துல.

உடம்புக்கு என்ன ஆகுதுங்கறத உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டு தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல சொன்னாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35லேந்து 40 மணி நேரம் பாக்கறவங்களோட ஒப்பிட்டா, பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால சாகற ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ங்கற ஒரு வருஷத்துல மட்டும் நீண்ட நேர வேலையால இந்த ரெண்டு நோய்லயும் உலகம் பூரா 7,45,000 பேர் செத்துப் போயிருக்காங்கன்னு மதிப்பிட்டாங்க. "இந்த ஒரு ப்ராஜெக்ட் மட்டும் முடியட்டும்"னு சொல்லிக்கிட்டே இருக்கற எல்லாரும் இந்த நம்பர ஒரு தடவ படிக்கணும்னு நான் ஆசைப்படறேன்.

உடம்பு சொல்றதுக்கு முன்னாடியே மனசு சொல்லும். பர்ன்அவுட்ட 2019ல உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய் வகைப்பாட்டுல விவரிச்சிருக்கு, அத ஒரு நோய்னு சொல்லல, வேலை இடத்துல சரி பண்ணாம விட்ட நாள்பட்ட அழுத்தத்தோட விளைவுன்னு சொல்லிருக்கு. மூணு அடையாளம்: சக்தியெல்லாம் வத்திப் போன மாதிரி இருக்கறது, வேலை மேல ஒரு வெறுப்பும் விலகலும் வர்றது, நம்மால எதுவும் ஒழுங்கா செய்ய முடியலன்னு தோணறது. படிக்க சுலபமா இருக்கு, பக்கத்துல உக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்கும். அந்த அக்கா இருந்தாங்கன்னு சொன்னேன்ல, எனக்கு சொல்லிக் குடுத்தவங்க. மீட்டிங்ல "இது சரியா வராது"ன்னு தைரியமா சொல்ற ஒரே ஆள் அவங்கதான். ஒரு கட்டத்துல அவங்க எதுக்கும் மறுப்பு சொல்றத விட்டுட்டாங்க. எத கேட்டாலும் "சரி". தப்பான டேட்டுக்கும் சரி, முடியாத டார்கெட்டுக்கும் சரி. மேல இருந்தவங்க "இப்பதான் நல்லா ஒத்துழைக்கறாங்க"ன்னு சந்தோஷப்பட்டாங்க. எனக்கு பயமா இருந்துது. சண்டை போடறவங்களுக்கு இன்னும் அந்த வேலை மேல அக்கறை இருக்குன்னு அர்த்தம், அவங்க அமைதியாயிட்டா அங்க ஏதோ முடிஞ்சு போச்சு. கொஞ்ச நாள்ல லெட்டர் குடுத்துட்டாங்க, அடுத்த வேலை கைல இல்லாமலே. உங்க டீம்ல அப்படி திடீர்னு எல்லாத்துக்கும் சரி சொல்ற ஆள் யாராவது இருந்தா போய் பேசுங்க, இன்னிக்கே பேசுங்க.

இப்ப நிஜமாவே மோசமான ஆளுங்கள பத்தி. நாலு பேர் முன்னாடி கத்தறது, நேத்து சொன்னத இன்னிக்கு சொல்லவே இல்லங்கறது, லீவு கேட்டா "அப்போ நிரந்தரமா லீவு எடுத்துக்கோ"ங்கறது. இவங்ககிட்ட பேப்பர் எடுத்துட்டுப் போய் நின்னு பிரயோஜனம் இல்ல. குனியக் குனிய குட்டுவாங்க. இங்க எழுதி வைக்கறது வேற காரணத்துக்கு, அது நமக்கான பாதுகாப்பு. என்ன தேதி, என்ன சொன்னாங்க, யார் கூட இருந்தாங்கன்னு அன்னிக்கே எழுதிடுங்க, ஒரு வாரம் கழிச்சு எழுதினா நமக்கே குழம்பும். வாயால சொன்ன ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெயில் போடுங்க, மரியாதையா, ரெண்டு வரில. ஆனா கம்பெனியோட ரகசிய ஃபைல எல்லாம் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க, அத வச்சே நம்மள வெளிய அனுப்பிடுவாங்க. ஹெச்ஆர்கிட்ட போறதா இருந்தா, அவங்களுக்கு சம்பளம் குடுக்கறதும் அதே கம்பெனிதான்னு மனசுல வச்சுக்கிட்டுப் போங்க. அவங்க நல்லவங்களாவே இருக்கலாம், ஆனா "அவர் ரொம்ப கஷ்டப்படுத்தறார்"னு சொன்னா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது, "இந்த தேதில இந்த வார்த்தை சொன்னார், இந்த மெயில பாருங்க"ன்னு சொன்னா நகராம இருக்க முடியாது.

"அவ்ளோ கஷ்டம்னா வேலைய விட்டுட வேண்டியதுதானே"ன்னு சுலபமா சொல்றவங்கள பாத்தா இன்னொரு தடவ கோபம் வருது. ஒரு சம்பளத்துல ஒரு குடும்பமே ஓடுது, கடன் இருக்கு, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு விசாவே அந்த முதலாளியோட கட்டியிருக்கும். லேப்டாப் வேலைக்கு நான் சொன்ன பேப்பர் உதவும், ஆனா நாள் பூரா கடைல நின்னு வித்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு, ஷிப்ட் முடிஞ்சும் மாத்த ஆள் வராம வார்டுலயே நிக்கற நர்ஸுக்கு, எது முதல்லன்னு கேக்க எங்க இடம் இருக்கு? அங்க தனியா கேட்டா "நாளைல இருந்து வராத"ன்னுடுவாங்க. சேந்து கேக்கறதுதான் ஒரே வழி. இன்னிக்கு நாம சாதாரணமா நினைக்கற எட்டு மணி நேரமே அப்படி வந்ததுதான். 1886 மே 1ஆம் தேதி அமெரிக்காவுல லட்சக்கணக்கான தொழிலாளிங்க அதுக்காக வேலைய நிறுத்தினாங்க, சிகாகோல பல பேர் உயிரே போச்சு. 1919ல பன்னாட்டு தொழிலாளர் அமைப்பு ஆரம்பிச்சப்போ போட்ட முதல் ஒப்பந்தமே, ஆலைகள்ல நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்ங்கறதுதான். இப்ப நம்ம காலத்துல போன் வழியா வர்ற வேலைக்கும் சட்டம் வர ஆரம்பிச்சிருக்கு. வேலை நேரம் முடிஞ்சா தொடர்ப துண்டிச்சுக்கற உரிமைய ஃப்ரான்ஸ் 2017ல கொண்டு வந்துது, போர்ச்சுகல் 2021ல அந்தப் பொறுப்ப முதலாளி தலைலயே வச்சுது, அவசரம் இல்லாம கூப்பிடக்கூடாதுன்னு. ஆஸ்திரேலியாவுல இந்த உரிமை 2024 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்துது. நீங்க இருக்கற இடத்துல என்ன சட்டம் இருக்குன்னு ஒரு தடவ தேடிப் படிச்சுடுங்க, ஓவர்டைம், லீவு, நோட்டீஸ் பீரியட் மூணயும். நிறைய பேர் தனக்கு இருக்கற உரிமையே தெரியாம கெஞ்சிக்கிட்டு இருக்காங்க.

போகத்தான் போறோம்னு முடிவாயிட்டா, கோபத்துல லெட்டர் குடுக்காதீங்க. சம்பளம் வந்துக்கிட்டு இருக்கறப்பவே தேட ஆரம்பிங்க, கொஞ்ச மாசத்துக்கு தாங்கற மாதிரி காசு சேத்து வைங்க. அடுத்த இன்டர்வியூல "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேப்பாங்க பாருங்க, நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் "இல்ல சார்"னு சிரிச்சுட்டு வந்துடறோம். அங்க கேளுங்க: இந்த சீட்ல எனக்கு முன்னாடி இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க? டீம்ல கடைசியா ஒருத்தர் ரெண்டு வாரம் லீவு போனப்போ அவங்க வேலைய யார் பாத்தாங்க? ரெண்டு பேர் ஒரே நாள்ல ரெண்டு அர்ஜென்ட் வேலை குடுத்தா எது முதல்லன்னு யார் முடிவு பண்ணுவாங்க? நல்ல இடமா இருந்தா பதில் சட்டுனு வரும், பேரோட, உதாரணத்தோட வரும். "இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி, அட்ஜஸ்ட் பண்ணிப்போம்"னு வந்தா, முடிஞ்சா அந்த டீம்லயே வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட தனியா பேசிட்டு அப்புறமா கையெழுத்து போடுங்க.